ஆறாம் படிவத்துப் பிள்ளையும் பெற்றோரும்

ஆண்டுதோறும் செப்டெம்பர் மாதம் பிறந்து இரண்டு வாரங்கள் கழிந்ததும், எங்கள் பங்கு இல்லத்துக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் ஒருவகைக் கவலை தலைகாட்டத் தொடங்கும். இலண்டன் மாநகரின் புறநகர் ஒன்றில், நம்மவர் செறிந்து வாழும் பகுதியில் பணியாற்றும் எனக்கு அக்கவலையின் சொற்கள் ஏறக்குறைய மனப்பாடமாகிவிட்டன. “சுவாமி, பெடியன் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வீட்டிலை நிக்கிறான். கேட்டால் பாடம் இல்லையாம். பள்ளிக்கூடத்துக்கு ஒளிக்கிறானோ எண்டு பயமாக் கிடக்கு.” பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை முடித்து வந்து உறங்கிய தகப்பன், பகல் பன்னிரண்டு மணிக்குக் கண்விழித்து, குசினியில் மகன் பாண் வாட்டிக்கொண்டு நிற்பதைக் கண்டால் பயப்படாமல் வேறென்ன செய்வார்?

பெரும்பாலும் அந்தப் பிள்ளை ஒளிக்கவில்லை. இங்கிலாந்தில் 16 வயதில் ஜி.சி.எஸ்.ஈ. பரீட்சையை எட்டு, ஒன்பது பாடங்களில் எழுதி முடிக்கும் பிள்ளை, அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு மூன்று பாடங்களை மட்டும் தெரிந்துகொள்கிறது. ஒரு பாடத்துக்கு வாரத்தில் நான்கு அல்லது ஐந்து மணி நேரமே வகுப்பு. எஞ்சிய வேளைகள் தனிப்படிப்புக்கு விடப்பட்டவை. சில பாடசாலைகள் அவ்வேளைகளில் மாணவரை நூலகத்தில் இருத்தி வைக்கின்றன. சில வீட்டுக்குப் போக விடுகின்றன. வகுப்பில் கழித்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஈடாக இன்னொரு மணி நேரம் தானாகப் படிக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் கூறுவர். குருமடத்தில் எங்களுக்கும் தனிப்படிப்பு நேரம் இருந்தது. ஆனால் அங்கே மணி அடித்தது. மேசையில் இல்லாதவனைத் தேடி ஒருவர் வந்தார். ஆறாம் படிவத்தில் மணியும் இல்லை, தேடி வருபவரும் இல்லை. பதினாறு வயதில் ஒரு பிள்ளையின் கையில் இவ்வளவு நேரத்தைத் திடீரென்று கொடுப்பது நல்லதா என்று ஆங்கிலப் பெற்றோரே வாதிடுவதுண்டு. எவ்வாறாயினும் வழக்கம் அதுதான். அதை அறியாத தகப்பன் முதல் மாதத்திலேயே மகனைக் கள்வனாக்கிவிடுகிறார். அதன் பிறகு மகன் எதையும் சொல்வதில்லை.

இந்த அறியாமைக்கு ஒரு விசித்திரமான காரணம் உண்டு. நம்மவர்க்கு ‘ஏ லெவல்’ என்ற சொல் புதிதன்று. அச்சொல்லை முதன்முறை கேட்கும் வேற்று நாட்டுப் பெற்றோர், பாடசாலைக்குச் சென்று விசாரித்து அறிந்துகொள்கின்றனர். நாமோ அறிந்தவர்கள் என்று இருந்துவிடுகிறோம். இங்கிலாந்தில் 1951ஆம் ஆண்டு, பழைய உயர் பாடசாலைச் சான்றிதழுக்குப் பதிலாக அறிமுகமான பரீட்சை அது. கல்விப் பொதுத் தராதரப் பத்திரம் என்ற பெயரும், சாதாரணதரம், உயர்தரம் என்ற பாகுபாடும் இங்கிருந்தே இலங்கைக்கு வந்தன. இங்கே சாதாரணதரம் 1980களின் பிற்பகுதியில் மறைந்து, 1988 முதல் ஜி.சி.எஸ்.ஈ. அதன் இடத்தைப் பிடித்தது. இலங்கையில் இரு பெயர்களும் இன்றும் நிலைத்திருக்கின்றன. பெயர் கடல் கடந்து சென்றது. பின்னர் அப்பெயரைச் சுமந்துகொண்டு நம்மவர் கடல் கடந்து வந்தனர். இதற்கிடையில் இரண்டு நாடுகளிலும் பெயருக்குள் இருந்த பொருள் தனித்தனியே மாறிவிட்டது.

இன்று ஐம்பதை அணுகும் அல்லது தாண்டிய பெற்றோர் எழுதிய உயர்தரம் எது? 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபின், ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரி எரித்து, அந்த வெளிச்சத்தில் படித்த உயர்தரம். வைத்தியத்துக்குப் போக விரும்பியவர் தாவரவியல், விலங்கியல், பௌதிகவியல், இரசாயனவியல் என்ற நான்கையும், பொறியியலுக்குப் போக விரும்பியவர் தூய கணிதம், பிரயோக கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் என்ற நான்கையும் எடுத்தாக வேண்டும். துறை ஒன்றைத் தெரிந்தால் பாடங்கள் தாமாகவே வந்து சேர்ந்துவிடும். தரப்படுத்தலும் மாவட்ட அடிப்படையும் 1970களின் தொடக்கத்திலிருந்து வாசலைக் குறுக்கி வைத்திருந்தன. ஒரு சில புள்ளிகளால் பல்கலைக்கழகம் தவறியவர் இன்றும் அப்புள்ளிகளை மறக்கவில்லை. ஐம்பத்தைந்து வயதில், சுப்பர்மார்க்கெட்டில் பொருள் அடுக்கிக்கொண்டிருக்கும் ஒருவர் தமது மொத்தப் புள்ளியை எனக்கு ஒப்புவித்திருக்கிறார். அந்த வாசல் திறந்திருந்தால் தமது வாழ்வு எவ்வாறு அமைந்திருக்கும் என்று எண்ணாத நாள் அவருக்கு இல்லை. இத்தகைய ஒருவர் தம் பிள்ளையிடம் “ஏ லெவல்தான் எல்லாம்” என்று கூறும்போது அதில் பெருமை பேசும் நோக்கம் இல்லை. தாம் கண்ட ஒரே வாசலை அவர் சுட்டிக்காட்டுகிறார்.

ஆனால் பிள்ளை நிற்பது வேறு வாசலில். இதை விளக்கிக் கூறுவதே இப்பகுதியில் எனது பணியின் ஒரு பாகம் ஆகிவிட்டது.

முதல் வேறுபாடு காலத்தைப் பற்றியது. நமது உயர்தரத்தில் பரீட்சை எழுதி, பெறுபேறு வந்தபின் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தோம். அதனால் இறுதி ஆறு மாதங்களில் உயிரைக் கொடுத்துப் படித்து மேலே வந்தவர் பலர். இங்கே பரீட்சை 13ஆம் ஆண்டின் இறுதியில், மே, ஜூன் மாதங்களில் நடைபெறுகிறது. 2015இல் தொடங்கிய சீர்திருத்தத்தின்பின், இங்கிலாந்தில் இரண்டாண்டுப் படிப்பும் அந்த இறுதி வினாத்தாள்களிலேயே பெரும்பாலும் அளக்கப்படுகிறது. இதைக் கேட்டதும் தகப்பன்மார் ஆறுதல் அடைகின்றனர். “அப்ப எங்கடை மாதிரித்தானே” என்பர். இங்கேதான் இடறல் இருக்கிறது. பல்கலைக்கழக விண்ணப்பமோ பரீட்சைக்குப் பல மாதங்கள் முன்னரே, யூகாஸ் என்னும் பொது நிறுவனத்தின் ஊடாகச் சென்றுவிடுகிறது. வைத்தியம், பல் வைத்தியம், கால்நடை வைத்தியம் ஆகியவற்றுக்கும், ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களுக்கும் ஒக்டோபர் 15ஆம் திகதியே இறுதி நாள். ஏனையவற்றுக்கு ஜனவரி. அப்போது பிள்ளையின் கையில் ஏ லெவல் பெறுபேறு எதுவும் இல்லை. இருப்பவை ஜி.சி.எஸ்.ஈ. பெறுபேறும், இப்பிள்ளை இன்ன தரம் பெறக்கூடும் என்று ஆசிரியர்கள் எழுதும் எதிர்பார்ப்புத் தரமுமே.

அந்த எதிர்பார்ப்புத் தரத்தை ஆசிரியர் எதைக்கொண்டு எழுதுவார்? பெரும்பாலும் 12ஆம் ஆண்டின் கோடையில் பாடசாலை நடத்தும் பரீட்சையையும், அவ்வாண்டு முழுவதும் பிள்ளை எழுதிக் கொடுத்த கட்டுரைகளையும் கணக்குகளையும் கொண்டே. எனவே முதலாம் ஆண்டு ஓய்வு ஆண்டு என்று எண்ணி, அண்ணனின் கலியாண வேலை, வீடு மாறும் வேலை, ஊருக்குப் போய்வருதல் எல்லாவற்றையும் அந்த மே, ஜூன் மாதங்களில் அடைத்து வைக்கும் குடும்பங்கள், எண்ணெய் வற்றியபின் விளக்கைத் தூண்டுகின்றன. “இனித்தானே சோதினை, அடுத்த வருசம் விட்டுப் பிடிக்கலாம்” என்பது நமது உயர்தரத்தின் ஞானம். இங்கே அதற்கு இடம் மிகக் குறைவு. வைத்தியத்துக்கு விண்ணப்பிக்கும் பிள்ளையானால், யூகேட் என்னும் தனித் தேர்வையும் 12ஆம் ஆண்டு முடிந்த அந்தக் கோடையில், ஜூலைக்கும் செப்டெம்பருக்கும் இடையில் எழுதிவிட வேண்டும். அவ்விடுமுறையில் ஆறு வாரம் யாழ்ப்பாணம் செல்லப் பயணச்சீட்டு வாங்கியபின் இதை அறிந்த குடும்பம் ஒன்றை நான் அறிவேன்.

இரண்டாம் வேறுபாடு பாடத் தெரிவைப் பற்றியது. இங்கே துறை என்ற கட்டு இல்லை. கணிதத்தோடு வரலாறும், உயிரியலோடு நாடகமும் எடுக்கலாம். பாடசாலையின் நேரசூசி இடம் கொடுத்தால் போதும். ஆயினும் சில கதவுகளுக்குச் சில சாவிகள் வேண்டும். பெரும்பாலான வைத்தியக் கல்லூரிகள் இரசாயனவியலைக் கேட்கின்றன. பொறியியலுக்குக் கணிதம் இன்றியமையாதது. தெரிந்த பாடம் பொருந்தவில்லை என்றால், 12ஆம் ஆண்டின் முதல் சில வாரங்களுக்குள் மாற்றிக்கொள்ளப் பாடசாலைகள் இடமளிக்கின்றன. அதன்பின் வகுப்பு வெகுதூரம் போய்விடும்.

இந்தச் சில வாரங்களில் ஒரு வீட்டில் நடந்ததை, ஆளை அடையாளம் காட்டாமல் இங்கே கூறலாம் என்று எண்ணுகிறேன். மகள் உயிரியல், இரசாயனவியல், கணிதம் மூன்றையும் எடுத்திருந்தாள். அவை தகப்பன் தெரிந்த பாடங்கள். மூன்றாம் வாரத்தில் அவள், இரசாயனவியலை விட்டுப் புவியியல் எடுக்க வேண்டும் என்றாள். மாற்றுவதற்குப் பாடசாலை கொடுத்த இறுதி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. வியாழன் இரவு தகப்பன், தாய், மகள் மூவரும் எனது அறைக்கு வந்தனர். தகப்பன், “சுவாமி, நீங்கள் சொன்னால் கேப்பாள்” என்று தொடங்கினார். இத்தகைய வேளைகளில் குருவானவரைத் தீர்ப்பாளியாக இருத்துவது நம்மவர் வழக்கம். எனக்கோ இரசாயனவியலும் தெரியாது, புவியியலும் தெரியாது. நான் மகளைப் பார்த்து, புவியியலில் என்ன படிக்கிறார்கள் என்று தமிழில் தாய் தகப்பனுக்கு விளக்கிச் சொல்லுமாறு கேட்டேன். தமிழில் சொல்ல வேண்டும் என்பதே அவளுக்குப் பெரிய சோதனை. தட்டுத்தடுமாறி, கடற்கரையில் அலை சாய்வாக வந்து மணலைத் தூக்கி, நேராகத் திரும்பி, அந்த மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையோரமே நகர்த்திச் செல்வதைப் பற்றிச் சொன்னாள். கை விரல்களால் மேசையில் வரைந்து காட்டினாள்.

அதுவரை வாய் திறவாதிருந்த தாய், “அப்ப எங்கடை மணற்காட்டுக் கோயில்?” என்றார். வடமராட்சி கிழக்கில், மணற்குன்றுகளின் நடுவே பாதி புதையுண்டு நிற்கும் பழைய புனித அந்தோனியார் ஆலயத்தை வாசகர் பலர் அறிவர். அந்தக் கரையில் பிறந்தவர் அத்தாய். சிறு வயதில் அக்குன்றுகளில் ஏறி இறங்கி விளையாடியதையும், கச்சான் காற்றுக் காலத்தில் மணல் எவ்வாறு பறந்து வந்து சுவரோரம் ஏறும் என்பதையும் அவர் சொல்லச் சொல்ல, மகள் கேள்விமேல் கேள்வி கேட்டாள். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வரும்? சவுக்கு மரங்கள் நட்டபின் குன்று நின்றதா? தாய் அறிந்ததைச் சொன்னார். அறியாததற்கு, ஊரில் இருக்கும் பெரியம்மாவிடம் கேட்கலாம் என்றார். அரை மணி நேரம் தாயும் மகளும் மட்டுமே பேசினர். தகப்பன் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் மனம் மாறி மகிழ்ந்தார் என்று எழுதினால் பொய்யாகும். “வைத்தியம் அவ்வளவுதானே?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவ்வளவுதான் என்று மகளும் சொன்னாள். இரசாயனவியலை விட்டால் அந்தக் கதவு ஏறக்குறைய மூடிவிடும் என்பதை அவள் மறைக்கவில்லை. மறுநாள் காலை அவர் ஒப்பமிட்டார். ஏ லெவல் புவியியலில் மாணவர் தாமே ஒரு கேள்வியை எடுத்து, வெளியில் சென்று அளந்து ஆய்ந்து எழுதும் கட்டுரைக்கு ஐந்தில் ஒரு பங்கு புள்ளி உண்டு. மகள் அதற்காக இந்நாட்டுக் கிழக்குக் கடற்கரையில் ஒரு மணற்குன்றை அளக்கப் போனபோது, அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் தாய். அப்பெண் இப்போது பல்கலைக்கழகத்தில் இருக்கிறாள். தகப்பன் இன்றும் எப்போதாவது, “கெமிஸ்ற்றி படிச்சிருந்தால்…” என்று தொடங்குவார். முடிப்பதில்லை.

பாடம் தெரியாத பெற்றோர் பிள்ளையின் படிப்புக்கு என்ன உதவி செய்ய முடியும் என்று கேட்பவர்க்கு நான் கூறக்கூடியது இதுதான்: பிள்ளை விளக்கிச் சொல்லக் கேட்டிருங்கள். ஒரு விடயத்தைப் பிறர்க்கு விளங்கும்படி சொல்ல முயலும்போதே தனக்கு எது விளங்கவில்லை என்பது சொல்பவருக்குத் தெரியவரும். மறையுரை ஆயத்தம் செய்யும் எவரும் இதை அறிவர். அதற்குக் கேட்பவர் பட்டதாரியாக இருக்க வேண்டியதில்லை. இடையிடையே “அது ஏன்?” என்று கேட்பவராக இருந்தால் போதும். வாரத்தில் மூன்று நாள் காரில் ஏற்றிச்சென்று ரியூசனில் இறக்கி, வெளியே குளிரில் காத்திருக்கும் தியாகத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் போகும்போதும் வரும்போதும் காருக்குள் ஒரு சொல்லும் பேசாமல், வானொலியைப் போட்டுவிட்டு ஓட்டுகிறோம். தவிர, தனிப்படிப்புக்கென விடப்பட்ட மணித்தியாலங்களையெல்லாம் ரியூசனால் நிரப்பினால், பிள்ளை தானாகப் படிக்கப் பழகுவது எப்போது? பல்கலைக்கழகத்தில் ரியூசன் வகுப்பு இல்லை.

எல்லாப் பிள்ளைகளும் ஏ லெவல் படிக்க வேண்டும் என்பதுமில்லை. 2015 முதல் இங்கிலாந்தில் 18 வயது வரை ஏதேனும் ஒரு கல்வியிலோ பயிற்சியிலோ இருத்தல் சட்டக் கடமை. ஆனால் அது தொழில்சார் கல்வியாகவும், 2020இல் தொடங்கிய ‘ரி லெவல்’ ஆகவும், சம்பளத்தோடு கூடிய தொழில் பயிலுநர் வேலையாகவும் இருக்கலாம். மின்னிணைப்பு வேலையில் கைதேர்ந்த பிள்ளையைக் கட்டாயப்படுத்திப் பௌதிகவியல் வகுப்பில் இருத்தி, இரண்டு ஆண்டுகளின்பின் தரமில்லாத சான்றிதழோடு அழைத்து வருவதை நான் பலமுறை கண்டுவிட்டேன். சொந்தக்காரர் என்ன சொல்வார்கள் என்ற ஒரு கேள்வியே அங்கு பாடத்தைத் தெரிவு செய்தது.

இனிக் கூறப்போவது கடினமான விடயம். நம் குடும்பங்கள் சிலவற்றில் மட்டுமே இருப்பது. ஆனால் இருக்கும் இடத்தில் எல்லாவற்றையும்விடப் பெரியது. குடும்பத்தின் குடிவரவு நிலையைப் பிள்ளைக்குச் சொல்லாமல் வளர்த்தல்.

இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களில் உள்நாட்டு மாணவரின் ஆண்டுக் கட்டணம் 2025–26 கல்வியாண்டில் 9,535 பவுண் வரை. பெரும்பாலோர் அதைக் கையிலிருந்து கட்டுவதில்லை. மாணவர் கடனாகப் பெற்று, வேலைக்குச் சென்று குறித்த வருமானத்தைத் தாண்டியபின் சிறிது சிறிதாகச் செலுத்துகின்றனர். அந்தக் கடன் குடிவரவு நிலையைப் பொறுத்தது. அகதி அந்தஸ்து வழங்கப்பட்ட குடும்பத்தின் பிள்ளைக்குப் பொதுவாகக் கிடைக்கும். விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வராத குடும்பத்தின் பிள்ளைக்குக் கிடைக்காது. அதோடு, பல மடங்கு கூடிய வெளிநாட்டு மாணவர் கட்டணத்தையும் கேட்கக்கூடும். காலவரையறையுடைய அனுமதியில் இருப்போரின் நிலை இடைப்பட்டது. 2015இல் உயர் நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பின் பின்னர், நீண்டகாலம் இந்நாட்டில் வாழ்ந்த இளையோர்க்கு ஒரு வழி திறக்கப்பட்டது. 18 வயதுக்கு உட்பட்டவராயின் ஏழு ஆண்டுகளாவது இங்கு வாழ்ந்திருக்க வேண்டும். கல்வி தொடங்குவதற்கு முந்திய மூன்று ஆண்டுகள் சட்டபூர்வமாக இருந்திருக்கவும் வேண்டும். புதுப்பித்தல் விண்ணப்பம் ஒன்று காலந்தாழ்ந்து போனால் அந்த மூன்றாண்டுக் கணக்கு அறுந்துவிடலாம்.

ஒன்பது வயதில் இந்நாட்டுக்கு வந்த ஒரு பையன், கணிதத்தில் தன் பாடசாலையிலேயே முதல்வன். மூன்று பல்கலைக்கழகங்கள் அவனுக்கு நிபந்தனை அனுமதி கொடுத்தன. 13ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் நண்பர்களோடு சேர்ந்து கடன் விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தபோதே, தனக்கு நிரந்தர வதிவிட உரிமை இல்லை என்பதை அவன் அறிந்தான். அதுவரை தன்னையும் மற்றவர்களைப் போன்றே எண்ணியிருந்தான். தாய் என்னிடம் கூறியது: “பிள்ளையின்ரை மனம் உடைஞ்சு படிப்புக் குழம்பிப் போகும் எண்டுதான் சொல்லேல்லை, சுவாமி.” அது அன்பிலிருந்து பிறந்த மௌனம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த மௌனத்தால் அவன் இழந்தது காலம். புகலிடம் தேடியோர்க்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் எனப் பல பல்கலைக்கழகங்கள் தனிப் புலமைப்பரிசில்களை வைத்திருக்கின்றன. அவற்றுள் அவன் விரும்பிய இரண்டின் விண்ணப்ப நாள் அப்போது கடந்திருந்தது. அவன் ஓராண்டு பிந்தியே சென்றான். 12ஆம் ஆண்டிலேயே உண்மையை அறிந்திருந்தால், எந்தப் பல்கலைக்கழகங்களில் அத்தகைய உதவி உண்டு என்று பார்த்து விண்ணப்பித்திருப்பான். பாடசாலைக்கும் தெரிந்திருக்கும்; நல்ல பாடசாலைகள் இத்தகைய பிள்ளைகளுக்காக எழுதவும் பேசவும் தயங்குவதில்லை. பதினாறு வயதுப் பிள்ளை உண்மையைத் தாங்காது என்று நாம் எண்ணுகிறோம். அதே பிள்ளையைத்தான் பத்து வயதிலிருந்து உள்துறை அமைச்சின் கடிதங்களை மொழிபெயர்க்க வைத்திருக்கிறோம். பாதிக் கடிதத்தை மட்டும்.

மொழிபெயர்ப்பு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. பாடசாலைகளில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பெற்றோர் மாலை நடைபெறும். ஒவ்வோர் ஆசிரியரிடமும் ஐந்து அல்லது பத்து நிமிடங்களே கிடைக்கும். நம்மவர் பலர் இரவு வேலையைச் சாட்டாகக் கூறிப் போவதில்லை. போகிறவர்களோ பிள்ளையையே உரைபெயர்ப்பாளராக இருத்திக்கொள்கின்றனர். தன்னைப் பற்றிய முறைப்பாட்டைத் தானே மொழிபெயர்க்கும் பிள்ளையிடம் முழு நேர்மையை எதிர்பார்ப்பது மனித இயல்புக்கு மிஞ்சியது. “உங்கள் மகன் கெட்டிக்காரன், ஆனால் மூன்று கட்டுரைகள் தரவில்லை” என்று ஆசிரியை சொன்னது, “கெட்டிக்காரனாம்” என்று மட்டும் வந்து சேர்ந்த கதையை ஒரு தாய் சிரித்துக்கொண்டே சொன்னார். முன்கூட்டிக் கேட்டால் உரைபெயர்ப்பாளரை ஒழுங்குசெய்ய முயலும் பாடசாலைகள் உண்டு. இல்லாவிடின் ஆங்கிலம் தெரிந்த உறவினர் ஒருவரை அழைத்துச் செல்லலாம். கேட்க வேண்டியது அதிகம் இல்லை. எதிர்பார்ப்புத் தரம் என்ன, அதைவிட ஒரு படி உயர என்ன செய்ய வேண்டும் என்பதை அறிந்தால் போதும். வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு 16–19 வயதினருக்கான உதவித்தொகை உண்டா என்றும் அங்கேயே கேட்கலாம். பிள்ளை தொடர்ந்து படிக்கிறது என்று வரித் திணைக்களத்துக்கு அறிவிக்காவிடின் சிறுவர் கொடுப்பனவு 16 வயதோடு நின்றுவிடும் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன். ஆண்டுதோறும் சிலர் அதை இழக்கின்றனர்.

வீட்டைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு மேசை, அதில் தம்பி தங்கையர் கை வைக்காத ஒரு மூலை. இரவில் கைத்தொலைபேசி உறங்கும் அறைக்கு வெளியே இருத்தல், பெற்றோருடையதும் சேர்த்து. சனி, ஞாயிறுகளில் மண்டபங்களில் நடக்கும் சாமத்தியச் சடங்குகளுக்கும் பிறந்தநாள் விழாக்களுக்கும் பிள்ளை வராவிட்டால் குறை நினைக்காத உறவினர் வேண்டும். இவர்களைத் தேடுவதுதான் எல்லாவற்றிலும் அரிது.

ஏ லெவல் பெறுபேறு ஓகஸ்ட் மாத நடுப்பகுதியில் ஒரு வியாழக்கிழமை காலை வரும். அன்று விடியற்காலையிலிருந்தே கனடாவிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் அழைப்புகள் வரத் தொடங்கும். யாருடைய பிள்ளைக்கு எத்தனை ‘ஏ’ என்பது மதியத்துக்குள் மூன்று கண்டங்களுக்கும் தெரிந்துவிடும். பிள்ளை முதல் தெரிவாக ஏற்றிருந்த பல்கலைக்கழகத்தின் நிபந்தனையை எட்டாவிட்டால், இரண்டாவதாக வைத்திருந்த இடம் இருக்கலாம். அதுவும் தவறினால் ‘கிளியரிங்’ என்னும் முறையில், எஞ்சியுள்ள இடங்களுக்கு அன்றே தொலைபேசியில் கேட்கலாம். நல்ல இடங்கள் சில மணி நேரத்துக்குள் போய்விடும். எட்டாத ஒரு தரத்துக்காகப் பிள்ளையை ஏசி அழவைத்துக்கொண்டிருக்கும் வீட்டில் அந்த மணி நேரங்கள் வீணாகக் கழிகின்றன. பல்கலைக்கழகம் பிள்ளையோடுதான் பேசும், தகப்பனோடு பேசாது. ஆகவே அந்த வியாழக்கிழமைக்கு விடுமுறை எடுத்துக்கொள்ளும்படி இவ்வாண்டு 13ஆம் ஆண்டில் பிள்ளை உள்ள வீடுகளுக்கெல்லாம் இப்போதே சொல்லி வருகிறேன். “பேச விடாயினம் எண்டால் நான் நிண்டு என்ன செய்யிறது, சுவாமி?” என்று ஒருவர் கேட்டார். பிள்ளை ஒரு தொலைபேசியில் வரிசையில் காத்திருக்கும்போது, வீட்டுக்கு வரும் மற்ற அழைப்புகளையெல்லாம் நீங்கள் எடுத்து, பிறகு பேசுவதாகச் சொல்லி வையுங்கள் என்றேன்.